ரெண்டு போனாலும்

"ஒண்ணு போனா?"

"மத்ததெல்லாம் அதோட பாரத்தையும் சேர்த்து இழுத்துடும், சார்."

"ரெண்டு போனா?"

"ஒரே சமயத்துல ரெண்டு எப்படி சார் போகும்? வீணா பயப்படாதீங்க."

போன வருடம் ஸ்டுடியோக்காரரிடம் சொன்ன பதில் இப்போது அவளையே குத்தியது. ஸ்டுடியோவின் படங்களைச் சேமித்து வைக்கும், ஆறு ஹார்ட் டிஸ்க் கொண்ட பெட்டி. இரண்டு போனாலும் தாங்க வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். படம் வைக்க இடம் குறையுமே என்று, ஒன்று போனால் மட்டும் தாங்கும்படி அமைத்தவள் அவள்.

இன்று காலை ஒன்று போய்விட்டது. புதிது மாட்டியாயிற்று. போனதில் இருந்ததை மற்ற ஐந்தும் சேர்ந்து அதில் எழுதிக்கொண்டிருந்தன. அது முடிவதற்குள் இன்னொன்று போனால், ஊரார் கல்யாணப் படம் அத்தனையும் போச்சு. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி இருந்தாள்.

படுக்கையில் இருக்கும் அவள் அப்பாவின் அறையிலிருந்து கணவன் வாளியோடு வந்தான். இன்னொரு கை இடுப்பைப் பிடித்திருந்தது.

"மாமாவுக்கு உடம்பு துடைச்சாச்சு. உன் பெட்டி பிழைக்குமா?"

"தெரியலைங்க. மிச்சம் இருக்கிறதுக்கு இப்போ ரெட்டை வேலை. அந்த அலுப்புலதான் அடுத்தது விழும்."

"விழறதுக்கு முன்னாடி சொல்லுமா?"

"பாதி நேரம் மூச்சே விடாது. திடீர்னு நின்னுடும்."

"தங்கமான குணம்!" என்று சிரித்தான். "மாமாவைப் பார்த்துக்கிட்ட நர்ஸ் வேலையை விட்டு நின்னப்போ நீகூட சொன்னியே, நாமளே இழுத்துக்கலாம்னு."

"சும்மா இருங்க. நானே குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்கேன்."

சாயங்காலம், எல்லாம் எழுதி முடிந்ததென்று திரையில் பச்சை வந்தது. உடனே ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டாள்.

"படமெல்லாம் பத்திரம், சார். அன்னிக்கு நீங்க கேட்டதுதான் சரி, தப்பு என்னோடது. ரெண்டு போனாலும் தாங்குற மாதிரி மாத்திடறேன். கூடவே ஒரு டிஸ்க் சும்மா காத்திருக்கும். ஒண்ணு ஓய்ஞ்சா உடனே தோள் கொடுக்கும்."

ஃபோனை வைத்ததும் நெஞ்சுக் கனம் இறங்கியது. நிமிர்ந்தாள். அப்பாவின் அறை வாசலில் கணவன் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

"என்னங்க, அங்கேயே நின்னுட்டீங்க?"

அவன் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினான்.

"முடியலைம்மா. எனக்கும் அப்படி ஒண்ணு போடேன்."