எண்பது வயலினுக்கு எடம்

நான் சொல்றது ஒவ்வொரு வார்த்தையும் நெசம். பொய்யின்னா இந்த நாக்கு இப்பவே ஒட்டிக்கிடட்டும்.

பாட்டுக்கு மெட்டுப் போடுற எட்வினோட கம்ப்யூட்டர்ல, பாதி முடிஞ்ச மெட்டு ஒண்ணு மூணு மாசமா படுத்துக் கெடந்துச்சு. அதுக்கு நல்ல வயலின் சத்தம் வேணும்னு, கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிற மாதிரி கம்பெனிக்காரங்க பதிஞ்சு விக்கிற சத்தத்தை அவன் ஒவ்வொண்ணா கேட்டுக் கழிச்சுக்கிட்டே இருந்தான்.

"அண்ணே, எனக்கு ஒத்த வயலின் போதும். இப்படியே கெடந்தா செத்துருவேன்"னு மெட்டு ஹார்ட் டிஸ்க்குகிட்ட அழுதுச்சு.

"பொறுடா, உனக்குத்தான் பொண்ணு பாக்குறாரு. ஜாதகம்தான் பொருந்தல"ன்னுச்சு டிஸ்க்கு.

கடைசியில எண்பது வயலின் சேந்து வாசிச்ச ஆர்க்கெஸ்ட்ரா சத்தம் ஒண்ணு எட்வினுக்குப் புடிச்சுப்போச்சு. அத ஏத்த டிஸ்க்குல எடம் பத்தல. பழைய ஃபைலையெல்லாம் மொத்தமா அழிச்சான். மெட்டும் அதோட போயிருச்சு.

எண்பது வயலினும் வந்து எறங்கி, "என்னண்ணே வாசிக்கணும்?"னு கேட்டுச்சு.

"அதுதான் உங்களுக்கு எடம் விட்டுட்டுப் போயிருச்சே"ன்னுச்சு டிஸ்க்கு.

எட்வின் அடுத்து புல்லாங்குழல் தேட ஆரம்பிச்சுட்டான்.

சரி, கதை கேட்டதுக்குக் கூலிய எடுத்து வைங்க. வெறும் டீயின்னா ஒத்துக்க மாட்டேன், ரெண்டு பஜ்ஜியும் வரணும்.