கரீமை ஸ்டாராக்கிய ஃபர்ஸ்ட் கியர்

முப்பத்தொரு வருசம் நான் பிடித்த ஸ்டியரிங் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

எண்பத்தாறாம் வருசம். ஓசூர் போகிற பஸ்ஸை பாலக்கோடு ஸ்டாண்டுக்குள் திருப்பினேன். கூரைமேல், காலித் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே, சிவப்புச் சட்டையும் இரவல் கூலிங் கிளாஸுமாகக் கரீம் நின்றிருந்தான். ஊருக்கு வெளியிலேயே யாருக்கும் தெரியாமல் ஏற்றி வந்திருந்தேன்.

கரீம் மெத்தை தைக்கிறவன். அவன் பாடினால் மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

பெங்களூர் கேசட் கம்பெனிக்காரரும் அவன் பாடி அனுப்பியதைக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கார்டு போட்டார். குரல் ஜோர், ஆனால் இனிமேல் ஜனங்கள் பாட்டைக் கண்ணால்தான் கேட்கப் போகிறார்கள், ஆள் எப்படி இருப்பான் என்று வீடியோ எடுத்து அனுப்பு, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு வியாழக்கிழமை.

அந்தச் சுற்றுவட்டத்தில் கேமரா வைத்திருந்தவன் கல்யாண வீடியோ எடுக்கிற குப்புராஜ் ஒருத்தன்தான். யோசனையும் அவனுடையதுதான்.

"ஸ்டாருன்னா கூட்டம் வேணுங்கண்ணே. சந்தை நாள்ல உங்க பஸ்ஸு உள்ள வந்தா, கூப்பிடாமயே ஓடியாருது பாருங்க, அந்தக் கூட்டம் போதும்."

அவனும் கூரையில்தான் இருந்தான். முன்பக்கக் கம்பியில் வேட்டியால் இடுப்பைக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பின்னால் பார்த்துப் பிடித்திருந்தான். டேப்பில் மூணு நிமிசம்தான் பாக்கி. முன்னால் இருந்ததெல்லாம் இண்டூர் நஞ்சப்பன் மகள் கல்யாணம்.

பாட்டை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். கரீம் வாயை அசைத்துக் கையை விரித்தால் போதும்.

பஸ் நின்றது. கூட்டம் வந்தது.

எங்கள் பக்கத்தில், ஜன்னல் வழியாக சீட்டில் துண்டு விழுந்துவிட்டால் அந்த சீட்டுக்குப் பட்டா கிடைத்த மாதிரி. நாற்பது துண்டு ஒரே நேரத்தில் பறந்தது. துண்டில்லாதவர்கள் பையைப் போட்டார்கள், குடையைப் போட்டார்கள். ராணியம்மாள் என்று ஒரு அம்மா, கையில் வேறெதுவும் இல்லாததால், காலைக் கட்டிய கோழியைப் போட்டார்.

இத்தனை அமளிக்கும் கரீம் அசையவில்லை. வயல் பொம்மைக்குச் சிவப்புச் சட்டை மாட்டின மாதிரி நின்றான்.

கண்ணாடிக்கு வெளியே குப்புராஜின் தலை தலைகீழாகத் தொங்கியது.

"அண்ணே, ஒரு நிமிசந்தான் ஓடும். ஆளு கல்லாட்டம் நிக்கறான். ஏதாச்சும் பண்ணுங்கண்ணே!"

நான் டிரைவர். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

ஃபர்ஸ்ட் கியர் போட்டேன்.

பஸ் குதித்தது. கரீம் இரண்டு கையையும் அகல விரித்தான். வாய் திறந்தது. 'ஐயோ நிறுத்துங்கண்ணே' என்று அவன் போட்ட சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். துண்டு போட்ட நாற்பது பேரும் துண்டு பஸ்ஸில் போகிறதே என்று கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ராணியம்மாள், முடி அவிழ்ந்து, தாரைதாரையாகக் கண்ணீரோடு.

"அடேய், வுட்டுட்டுப் போறியேடா! அது இல்லாம நான் எப்பிடி வூட்டுக்குப் போவேன்!"

அந்த நேரம் பார்த்து, கரீம் ஓசூரில் கொடுக்க வேண்டிய இலவம்பஞ்சு மூட்டை கூரைமேல் பிரிந்துகொண்டது. சித்திரை மாசத்து வெயிலில் பாலக்கோட்டின் மேல் வெள்ளை வெளேரென்று பஞ்சு கொட்டியது. அதற்குள்ளே கையை விரித்தபடி கரீம்.

மேலே கேமரா 'டக்' என்று நின்றது. டேப் தீர்ந்தது.

ஊர் எல்லையில் பஸ்ஸை நிறுத்தினேன். மூச்சிரைக்க எல்லோரும் ஏறினார்கள். என்னை வைதார்கள். அப்புறம் அவரவர் துண்டு மேல் அவரவர் உட்கார்ந்தார்கள். சண்டை சச்சரவு கிடையாது. கோழி மட்டும் தன் சீட்டில் ஒரு முட்டை வைத்திருந்தது.

மறுநாள் மதியத்துக்குள் குப்புராஜும் கரீமும் டேப்போடு பெங்களூர் போய்ச் சேர்ந்தார்கள். பாட்டை மேலே சேர்த்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கரீம் 'ஐயோ' என்று வாயைத் திறந்த இடத்தில் பாட்டின் உச்சி ஸ்வரம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதாம். கம்பெனிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "ஆடையைக் கழற்றி வீசுகிற ரசிகர்கள்! அந்த அம்மாள் அழுகிற அழுகை! அது கிடக்கட்டும், தருமபுரியில் பனி பெய்யுமா?" என்று கேட்டாராம்.

"வருசத்துக்கு ஒருக்கா" என்றானாம் குப்புராஜ்.

அங்கேயே கையெழுத்தானது. கேசட் அட்டையில் அந்த முகம்தான், விரித்த கையும் திறந்த வாயுமாக. அதே முகம் வேண்டுமென்று அடுத்தடுத்த பாட்டுக்கெல்லாம் கரீமை லாரி மேல், டிராக்டர் மேல், ஒரு தரம் யானை மேல்கூட ஏற்றி, சொல்லாமல் கிளப்பிவிட்டார்கள். ஜனங்கள் பார்த்துவிட்டு, "பாட்டை அனுபவிச்சுப் பாடறான்யா" என்றார்கள்.

கரீம் நன்றி மறக்காதவன். முதல் கேசட் வெளிவந்த மாசமே எனக்கு ஒரு புது சைக்கிள் வாங்கி அனுப்பினான். இன்றைக்கும் வீட்டில்தான் நிற்கிறது. டயரில் ஒரு பொட்டு மண் படவில்லை.

சைக்கிள் உட்பட, இந்த ஆயுசில் நான் எந்த வண்டியும் ஓட்டியதில்லை.