ஒற்றைச்சிறகன், முதல் இதழ்

அவள் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த கதைக்காரர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் தடுக்கி நிற்க என்ன இருக்கிறது? கீழே பேருந்து கவிழ்ந்து கிடக்கிறது, ஒற்றைச்சிறகன் கூரையிலிருந்து குதிக்கிறான். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் விளங்குமே.

அவள் ஒரு பக்கம் பின்னால் புரட்டினாள். பிறகு மறுபடி முன்னால் வந்தாள்.

போச்சு, என்று நினைத்துக்கொண்டார்.

பின்னால் புரட்டுகிற வாசகர் வழி தவறிப்போன வாசகர். அவருடைய இதழாசிரியர் அடிக்கடி சொல்கிற வார்த்தை அது. எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'கத்தரி'.

ஒற்றைச்சிறகன் பல வருடங்களாக வந்துகொண்டிருந்த சித்திரக்கதை. படித்தே வளர்ந்தவர்களுக்கு அவன் வீட்டுப்பிள்ளை. மற்றவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. எந்த எதிரி எப்போது நண்பனானான், செத்தவன் எப்படித் திரும்பி வந்தான் என்பதெல்லாம் எழுதிய கதைக்காரருக்கே சில சமயம் குழம்பும். அதனால்தான் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, புதிதாக எண் ஒன்று போட்டு இந்த இதழ்.

"பழைய கதையெல்லாம் புதுசா வர்றவங்களுக்குப் பாரம். வாசல்லயே தலையில மூட்டையை ஏத்தினா எவன் உள்ள வருவான்?" என்றார் கத்தரி.

கதைக்காரர் மறுபேச்சில்லாமல் வெட்டினார். வில்லனின் குடும்பத்தை வெட்டினார். நாயகனின் இளமைக் காலத்தை வெட்டினார். அவனுடைய மற்றொரு சிறகு போன கதையையும் வெட்டினார். அந்தக் கடைசி ஒன்றை மட்டும் வெட்டிவிட்டு, திரும்ப எழுதி, மறுபடி வெட்டினார். ஆனால் வெட்டி முடித்தபோது உள்ளுக்குள் என்னவோ லேசானதுபோலவும் இருந்தது.

பிரதிகள் இன்று காலைதான் வந்தன. மை வாடை இன்னும் போகவில்லை. அதில் ஒன்றைத்தான் புத்தகக் கடை மாடியிலிருக்கும் இந்தக் காபிக்கடையில் உட்கார்ந்து இந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை. முழங்கையில் மசிக்கறை. சித்திரக்கதை எதையும் தொட்டதே இல்லையாம். கட்டங்களை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டுமா, மேலிருந்து கீழாகவா என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்கினாள். அவளை அழைத்து வந்த தாய்மாமா இரண்டு மேஜை தள்ளி, கைபேசியைப் பார்க்கிற பாவனையில் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மேலே படித்தாள். கதைக்காரர் முள்ளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

வில்லன் தும்ம, ஒட்டு மீசை பறந்துபோய் அடியாளின் மூக்கில் ஒட்டிக்கொள்ளும் இடம் வந்தது. கத்தரியே சிரித்த இடம். கத்தரி சிரித்தால் சுவர் சிரித்த மாதிரி. இவள் உதடுகூட அசையவில்லை. பக்கத்தைப் புரட்டினாள்.

திடீரென்று நிமிர்ந்தாள்.

"இவனுக்கு இன்னொரு சிறகு எங்க?"

"அது... இந்தக் கதைக்கு அது வேண்டியதில்ல. தெரியாமலே படிச்சாலும் புரியும்."

அவள் தலையாட்டினாள். ஏற்றுக்கொண்ட தலையாட்டலா, போனால் போகட்டும் என்று விட்டுவிட்ட தலையாட்டலா? வருடக்கணக்காக முகமூடி போட்டவனின் மனத்தையெல்லாம் எழுதியவருக்கு, எதிரே திறந்து கிடந்த ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

கடைசிப் பக்கமும் முடிந்தது. அவள் புத்தகத்தை மூடி மேஜை விளிம்புக்கு நேராக வைத்தாள்.

"புரிஞ்சுதா?" என்றார்.

"புரிஞ்சுது. எங்கயும் முட்டல."

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். கத்தரிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். போனை எடுக்கத் தோன்றவில்லை. இந்தச் சந்திப்பைக் கேட்டது கத்தரி அல்ல, அவரும் அல்ல. மாமாவை நச்சரித்து ஏற்பாடு செய்ய வைத்தவள் அவள்தான். என்ன பேசுவது என்று தெரியாமல், அவள் வந்து உட்கார்ந்ததும் புத்தகத்தை எடுத்து நீட்டியதுதான் அவர் செய்த வேலை.

அவள் அட்டையைத் தன் பக்கம் திருப்பினாள். கத்தரி கேட்டுப் போட வைத்த மஞ்சள் பட்டையில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"முன்கதை தெரியாதவர்களும் படிக்கலாம்."

தாய்மாமா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"இவனுக்கு அது இல்லாட்டிப் பரவாயில்ல," என்றாள். "எனக்கு வேணும், அப்பா."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. கடைசியாக அவளைத் தூக்கி வைத்திருந்தபோது அவளுக்கு இன்னும் பேச்சு வந்திருக்கவில்லை.

புத்தகத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "உங்கம்மாவை நான் முதல்ல பார்த்தது ஒரு பல் ஆஸ்பத்திரியில," என்று தொடங்கினார். "ரெண்டு பேருக்கும் கன்னம் வீங்கியிருந்துச்சு."

அவள் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.