சோடா டின்னின் திமிர்

கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த, போதை தராமல் மனதை அமைதிப்படுத்தும் சிபிடி என்ற சாறு கலந்த மூன்று பேர் ஒரே கடைத்தட்டில் இருந்தார்கள்: எண்ணெய்ப் புட்டி, மிட்டாய், சோடா டின். இன்றோடு காலாவதி என்பதால், மாலைக்குள் விலைபோகாவிட்டால் டின்னுக்குக் குப்பைக்கூடைதான்.

"நாக்குக்கடியில ரெண்டே சொட்டு, கால் மணியில அமைதி. நீ வயித்துக்குள்ள இறங்கி எப்ப வேலை செய்யறது?" என்றது எண்ணெய்.

"நானும் லேட்டுதான், ஆனா சட்டைப்பையில அடங்குவேன்" என்று இழுத்தது மிட்டாய்.

டின் இருவரைப் போலவும் அதே குரலில் பேசிக் காட்டிவிட்டு, "நான் மெதுவாத்தான் வேலை செய்வேன். அதுக்கென்ன இப்போ?" என்றது.

தையற்கடை மேகலை மூச்சிரைக்க வந்தாள். "கையில குடிக்க எதாவது இருந்தாத்தாண்ணே எங்க முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் உக்கார விடுவாரு" என்று கடைக்காரரிடம் சொல்லி, டின்னை வாங்கிக்கொண்டு வாசல் பெஞ்சில் அமர்ந்தாள்.

"இன்னும் வேலை செய்யலையா?" என்றது எண்ணெய்.

"அவ செருப்பைக் கழட்டிட்டா. நான் தீர்ற வரைக்கும் அவளை யாரும் எழுப்ப மாட்டாங்க. இனி நான் மெதுவாவே இறங்குவேன், போ."