தொட்டா நிக்கும்

"கார் சாவியைக் குடுங்க சார்."

வைத்திலிங்கம் பேப்பரை இறக்கிப் பார்த்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு அகிலா நின்றிருந்தாள். கையில், வாய் ஒட்டப்பட்ட கவர் ஒன்று.

"சார் கால்ல வேணும்னாலும் வுழுந்துட்டு வா. சாவிய மட்டும் கேட்டுடாத" என்று அவளுடைய அப்பா அய்யாசாமி இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். அவள் விழவில்லை.

அய்யாசாமி சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் காண்ட்ராக்ட் பஸ்ஸின் டிரைவர். லீவு நாளில் வைத்திலிங்கம் சாரின் பழைய பியட்டையும் அவர்தான் ஓட்டுவார். ஆறடி மனிதர் அந்தச் சின்ன காருக்குள் மடங்கி உட்காருவதைப் பார்த்து பிளாக்கே சிரிக்கும்.

பத்து நாளுக்கு முன் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பும்போது கார் ரவுண்டானாச் சுவரில் முட்டியது. "என் தப்புதான் சார்" என்று அய்யாசாமி கைகட்டி நின்றார். சார் அதோடு விடவில்லை. 'இவருக்குக் கண் மங்கிவிட்டது. பிரேக்குக்குக் கால் போவதற்குள் வண்டி போய்விடுகிறது. பஸ்ஸைக் கொடுப்பது ஆபத்து' என்று காண்ட்ராக்டருக்குக் கடிதம் எழுதினார். நாளையிலிருந்து அய்யாசாமி பஸ்ஸைத் தொடக் கூடாது.

"மன்னிப்பு லெட்டரா? டீப்பாய்ல வை" என்றார் வைத்திலிங்கம்.

வைத்தாள். "பிரேக் புடிக்கல சார். அதான் இடிச்சுது."

"யாரு சொன்னது? இடிக்கறதுக்கு முந்தின வாரந்தான் முன்சக்கரம் ரெண்டையும் நானே பிரிச்சுப் புது பிரேக் ஷூ போட்டேன். இடிச்ச அன்னைக்குக் காலைல வரைக்கும் தினம் ஷெட்டுலேருந்து எடுத்துக் கழுவுனேன். தொட்டா நிக்கும்."

"ஷெட்டுலேருந்து எப்படி எடுப்பீங்க?"

"ரிவர்ஸ்லதான். வேற எப்படி எடுக்குறது?"

"முன்னால ஓட்டிப் பாத்தீங்களா?"

"எந்தக் காலேஜும்மா, பெரியவங்ககிட்ட இப்படிப் பேசச் சொல்லிக் குடுத்துது?"

"எங்க வூட்டுல காலேஜுக்குப் போன மொத ஆளு நான்தான் சார். அங்க மரியாதைக்குன்னு தனி பேப்பர் வைக்கல."

உள்ளேயிருந்து அவர் மனைவி விஜயகுமாரியின் குரல் வந்தது. "குடுங்களேன். தூக்கிகினு எங்க ஓடப் போவுது? அதத் தள்ளுறதுக்கே நாலு பேர் வேணும்."

இடித்த அன்று நாலு பேர் தள்ளிவந்து நிறுத்தியதிலிருந்து காரை யாரும் தொடவில்லை. பம்பர் மட்டும் நெளிந்திருந்தது. அகிலா ஏறி உட்கார்ந்தாள். சீட்டைத் தொடவில்லை, கண்ணாடியைத் தொடவில்லை. சோக்கைப் பாதி இழுத்து, ஒரே திருகில் கிளப்பினாள். பக்கத்தில் வைத்திலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ரிவர்ஸில் வந்து பிரேக்கை மிதித்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"பாத்தியா" என்றார் பெருமையாக.

முதல் கியரைப் போட்டு, இரண்டாவதுக்குப் போய், மறுபடி மிதித்தாள். கார் இரண்டு வீட்டு கேட்டுகளைத் தாண்டி நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"அமுக்கும்மா."

"அமுக்கிகினுதான் சார் இருக்கேன்."

மூன்றாவது வீட்டு வேப்பமரம் வருவதற்குள் ஹேண்ட் பிரேக் காப்பாற்றியது. திரும்பி வந்ததும் அவளே ஜாக்கி போட்டாள், வலது முன்சக்கரத்தைக் கழற்றினாள், பிரேக் டிரம்மை உருவினாள். ஸ்க்ரூடிரைவர் முனையால் காட்டினாள்.

"சக்கரம் முன்னால சுத்தும்போது இந்த ஷூவைத் தன்னோட இழுத்துக்கணும் சார். அப்பதான் கவ்வும். இது தள்ளிவுடுது. ஷூ உக்கார்ற இடப்பக்கத் தட்டை வலப்பக்கமும், வலப்பக்கத்த இடப்பக்கமும் மாத்தி மாட்டியிருக்கீங்க. அதான் பின்னால போனா மட்டும் கவ்வுது."

விஜயகுமாரி வாசலுக்கே வந்துவிட்டாள். "என் வடக மாவு பேசின்லதான் ரெண்டையும் ஒண்ணா டீசல் ஊத்தி ஊறப்போட்டாரு. எது எந்தப் பக்கம்னு தெரியுமான்னு கேட்டேன். 'முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்'னாரு."

வைத்திலிங்கம் குனிந்து அந்தத் தட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பெரிய மனதோடு சிரித்தார்.

"பலே. என் ஃப்ரெண்டு கம்பெனியில ட்ரெய்னி வேலைக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கேல்ல? திங்கக்கிழமை போய்ச் சேரு. நான் பேசிடறேன்."

"அப்பாவப் பத்தி எழுதின லெட்டர்?"

"அது வேறம்மா. பிரேக் வீக்குதான், ஒத்துக்கறேன். நல்ல டிரைவருன்னா கியரைக் கொறைச்சு எப்படியாவது நிறுத்தியிருப்பான். உங்கப்பனுக்குக் கண்ணு போச்சு. எழுதினது எழுதினதுதான்." பானெட்டைச் செல்லமாகத் தட்டினார். "அன்னைக்கு நீ ஓட்டியிருந்தா இது இடிச்சிருக்காது."

அகிலா கையை வேஸ்ட் துணியில் துடைத்தாள். சாவியைக் கொண்டுபோய் டீப்பாயில், அந்தக் கவரின் மேல் வைத்தாள்.

"இது மன்னிப்பு லெட்டர் இல்ல சார். காண்ட்ராக்டருக்கு எழுதுனது. காலைலயே அவரு ஆபீசுல குடுத்துட்டேன். உங்களுக்குக் காப்பி."

"அவருக்கு நீ என்ன எழுதுறது? மொதல்ல சக்கரத்த மாட்டிட்டுப் போ."

அவள் சைக்கிள் ஸ்டாண்டை எட்டி உதைத்து, கேட்டைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்கும் நான்தான் சார் ஓட்டினேன்."