தேய்ந்த ரிவர்ஸ்

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் சிவப்பா மஞ்சளா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. அதன் கியர்பாக்ஸைப் பிரித்தது நான்தான். மூன்றாம் கியரின் பித்தளை வளையத்தில் வரிகள் தேயாமல் புதிதாகவே இருந்தன; அந்தக் கியரில் கார் ஓடியதே இல்லை. ரிவர்ஸ் பற்கள் மட்டும் மழுங்கிப் போயிருந்தன. காரை ஓட்டியவர் இறந்துவிட்டார். ஹாஸ்டலில் வளர்ந்த அவர் மகள் வினோதினியிடம் அதைக் காட்டினேன். அவள் தன் அம்மாவிடம் திரும்பினாள்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமையானா அப்பாவோட ஊட்டி போனோம்னுதானே சொல்லுவீங்க?"

"போனோம் கண்ணு, நம்ம வீட்டு கேட்டு வரைக்கும். ரோட்டைப் பாத்தா அவருக்குக் கை நடுங்கிரும். அப்படியே பின்னாடி வந்துருவோம்."

"அத்தனை வருசமுமா?"

"உங்கப்பாவுக்குக் குளிரு ஆகாதுன்னு வெச்சுக்கயேன்."

மாற்றுப் பல்சக்கரம் எங்கும் கிடைக்கவில்லை. மற்றதைப் பூட்டிக் கொடுத்து, ரிவர்ஸ் விழாது, இப்போதைக்குக் காரை எடுக்காதீர்கள் என்றேன். அந்த அம்மாள் மகளுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அது விழுந்ததாலதானுங்க நான் இன்னும் ஊட்டி பாக்கல. எடு கண்ணு."

அவர் அடுத்த ஆண்டு குன்னூரில் இறந்தார். வினோதினி அங்கேயே ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். நான் பட்டறையை மூடிவிட்டேன். அந்த ரிவர்ஸ் பல்சக்கரம் பிறகு கிடைத்தது. வாங்கிப்போக யாரும் வரவில்லை.