நாலாவது பொட்டு

போட்டோ ஸ்டுடியோ சர்வர் செத்துப்போன பதற்றத்தில் குணசீலன் நாலு டிஸ்க்கையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எது எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்கவில்லை.

"ஒவ்வொரு படமும் நாலுலயும் துண்டு துண்டா இருக்கு, வரிசை தெரியாம ஒன்னு சேர்க்க முடியாதுண்ணே. மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்க இதுங்க தாங்காது," என்றான் சர்வீஸ் கடை இர்ஷாத்.

குணசீலன் டிஸ்க்குகளின் முகப்பைத் திருப்பினார். மனைவி வேதவல்லி தன் கடைசி ஆயுத பூஜையில் வைத்த குங்குமம். அதன்பின் அவர் துடைக்கவேயில்லை.

"ஒவ்வொன்னுக்கும் தொட்டு வையேன், என்ன கஞ்சத்தனம்!" என்று அன்று அவளைக் கேலி செய்திருந்தார்.

"ஒரு தடவை தொட்டா நாலுக்கும் வரும், போங்க," என்று இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டே போனாள்.

இப்போது அடர்ந்த சிவப்பை மேசையில் முதலில் வைத்தார். அடுத்து வெளிறியதை, பிறகு இன்னும் வெளிறியதை.

"இதுல ஒன்னுமே இல்லையேண்ணே?"

வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். வெறும் விரல் ரேகை தெரிந்தது.

"அதுதான் கடைசி."

மேசையில் இருந்த வரிசைப்படியே இர்ஷாத் கேபிள்களை மாட்ட, கொஞ்ச நேரத்தில் திரையில் பழைய கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"வந்துடுச்சுண்ணே! எதைத் திறக்கட்டும்?"

குணசீலன் நிமிரவில்லை. மேசை விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம், பறந்துபோக எதுவுமே இல்லாத நாலாவது டிஸ்க்கை உள்ளங்கையால் அணைத்துக்கொண்டிருந்தார்.